நிலைகுலைந்த கணிப்பொறியின் நினைவகத்தைக் காத்தல்: பல வட்டுகளில் பரவிய கோப்பு முறைமையைப் பிழையின்றி இனங்காணும் முறை

இயந்திரம் ஒன்று திடீரெனப் பழுதுற்று நின்றுவிடுமாயின், நின்ற கணத்தில் அது எந்நிலையில் இருந்தது என்பதை அறிவதே காரணத்தைக் கண்டறிவதற்கு முதற்படியாகும். நீராவி இயந்திரத்திலோ மின்னாக்கியிலோ உடைந்த உறுப்பு கண்முன்னே கிடக்கும். கணிப்பொறியின் நிலை வேறு. அது நிலைகுலையும்போது உடையும் உறுப்பு யாதொன்றும் இல்லை. காரணம் முழுவதும் நினைவகத்தில் பதிந்துள்ள எண்களில் அடங்கியிருக்கும். பொறியை மீண்டும் இயக்கியவுடன் அவ்வெண்கள் அழிந்துபோகின்றன. அவற்றுடன் பழுதுக்குரிய சான்றும் அழிகிறது. இச்சான்றினைக் காப்பதற்காக லினக்ஸ் இயக்க முறைமையில் அமைந்துள்ள ஏற்பாடே கேடம்ப் என்பதாகும்.

இவ்வேற்பாடு சிறந்ததே எனினும், நகலை எந்த வட்டில் எழுதுவது என்பதை முன்கூட்டியே பிழையின்றிக் குறித்து வைத்தாலன்றி அதனால் பயன் விளையாது. ஒரே கோப்பு முறைமை இரண்டு அல்லது மூன்று வட்டுகளில் பரவியிருக்குமிடத்து இக்குறிப்பில் பிழை நேர்வது மிக எளிது. பிழை நேர்ந்திருப்பதோ பொறி நிலைகுலையும் அந்த ஒரு தருணத்தில்தான் வெளிப்படும். ஆதலின் வெளியூர் நிலையங்களில் கணிப்பொறிகளைப் பராமரிக்கும் பணியாளரும், இப்பொருளைக் கற்பிக்கும் ஆசிரியரும் இதன் அடிப்படையைத் தெளிவாக உணர்ந்திருத்தல் வேண்டும்.

மீட்புக் கெர்னலின் பணி

இயக்க முறைமையின் மையப் பகுதி கெர்னல் எனப்படும். அது தன்னுள் சரிசெய்ய இயலாத முரண்பாடு ஒன்றைக் கண்டால் மேற்கொண்டு இயங்காமல் நின்றுவிடும். அந்நிலையில் அதனைக் கொண்டே நினைவக நகலை வட்டில் எழுதச் செய்தல் தக்கதன்று. வட்டினை இயக்கும் நிரலே கெட்டிருக்கலாம். கெட்ட நிரல் நல்ல தகவலின்மேல் எழுதி அதனையும் அழித்துவிடக்கூடும்.

இவ்விடரை நீக்கும் பொருட்டு, 2005 ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 2.6.13 பதிப்பில் கேஎக்ஸெக், கேடம்ப் என்னும் இரு வசதிகள் சேர்க்கப்பட்டன. இம்முறையை விளக்கும் கட்டுரை அதே ஆண்டில் ஒட்டாவா நகரில் நடைபெற்ற லினக்ஸ் கருத்தரங்கில் அளிக்கப்பட்டது. அதனை எழுதிய மூவருள் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகிய இருவரும் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பிரிவில் பணிபுரிந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மூன்றாமவர் எரிக் பீடர்மன்.

முறையின் சாரம் வருமாறு: பொறி தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு பகுதி ஒதுக்கி வைக்கப்படுகிறது. முதற்கெர்னல் அப்பகுதியைத் தன் பணிக்கு உபயோகிப்பதில்லை. அதனுள் இரண்டாவது கெர்னல் ஒன்றும், அதற்குத் தேவையான சிறிய தொடக்கக் கோப்புத் தொகுப்பு ஒன்றும் முன்னதாகவே ஏற்றி வைக்கப்படுகின்றன. முதற்கெர்னல் நிலைகுலைந்ததும், பொறியை அணைத்து எழுப்பாமலே, இயக்கம் நேராக இரண்டாவது கெர்னலுக்குத் தாவுகிறது. பழைய நினைவகம் முழுவதும் அதற்கு ஒரு கோப்பாகத் தோற்றமளிக்கும். மேக்டம்ப்ஃபைல் என்னும் நிரல் அக்கோப்பினின்று தேவையற்ற பக்கங்களை நீக்கி, எஞ்சியதைச் சுருக்கி வட்டில் எழுதுகிறது. அதன்பின் பொறி வழக்கம்போல மீண்டும் தொடங்கும். எழுதப்பட்ட நகலைப் பின்னர் கிராஷ் என்னும் ஆய்வு நிரலால் திறந்து காரணத்தைத் தேடலாம்.

இங்கு மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒதுக்கப்படும் நினைவகம் சிறிது. ஆகையால் தொடக்கக் கோப்புத் தொகுப்பில் எல்லா இயக்கி நிரல்களையும் அடைத்து வைக்க இயலாது. நகல் எழுதப்படவிருக்கும் இடத்திற்கு எவை தேவையோ அவை மட்டுமே அதில் சேர்க்கப்படுகின்றன. எவை தேவை என்பதைத் தீர்மானிப்பது, பொறி நலமாக இயங்கிக்கொண்டிருக்கும் வேளையில் ஓடும் ஒரு சிறு நிரலாகும். நகல் எழுதப்படும் இடத்தை அந்நிரல் தவறாக இனங்கண்டால் தொகுப்பும் தவறாகவே அமையும்.

வட்டின் பெயர் நிலையானதன்று

லினக்ஸில் வட்டுகள் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி., எஸ்.டி.சி. என வரிசையாகப் பெயர் பெறுகின்றன. இப்பெயர்கள் வட்டுக்கு உரியவை அல்ல. அது கண்டறியப்பட்ட வரிசைக்கு உரியவை. ஒருநாள் எஸ்.டி.ஏ. எனப்பட்ட வட்டு, மறுநாள் வேறொரு வட்டு முந்திக்கொண்டு விடை அளித்தமையால் எஸ்.டி.பி. ஆகலாம். இரண்டாவது கெர்னலில் இவ்விடர் இன்னும் மிகுதி. அது பெரும்பாலும் ஒரே செயலியைக் கொண்டு இயங்குகிறது. சில இயக்கிகளை மட்டுமே ஏற்றுகிறது. சாதனங்களும் முன்னைய கெர்னல் விட்டுச்சென்ற நிலையிலேயே இருக்கின்றன. வரிசை மாறுவதற்கு இவை போதிய காரணங்களாகும்.

இக்குறையைப் போக்க உபயோகப்படுவது யு.யு.ஐ.டி. என்னும் அடையாள எண். 128 பிட்டுகள் கொண்ட இவ்வெண் 32 பதினாறடிமான இலக்கங்களாக, ஐந்து தொகுதிகளில் எழுதப்படுகிறது. கோப்பு முறைமை உருவாக்கப்படும்போதே இது அதன் தலைமைப் பதிவில் பொறிக்கப்படும். வட்டினை எந்த முனையில் இணைத்தாலும் இவ்வெண் மாறாது. ஆதலின் வட்டின் பெயருக்கு மாறாக இவ்வெண்ணையே அமைப்புக் கோப்பில் எழுதுதல் நெடுநாளைய நல்வழக்கமாகும்.

ஆயினும் இவ்வழக்கத்தின் அடியில் ஓர் எண்ணம் மறைந்துள்ளது. ஒரு கோப்பு முறைமை என்றால் ஒரு வட்டுப் பகுதி, ஒரு வட்டுப் பகுதி என்றால் ஒரு கோப்பு முறைமை என்பதே அது. நகல் எழுதும் இடத்தை இனங்காணும் நிரல்கள் பலவும் இவ்வெண்ணத்தையே ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை.

ஒரு கோப்பு முறைமை, பல வட்டுகள்

2007 ஆம் ஆண்டு ஆரக்கிள் நிறுவனத்தில் கிறிஸ் மேசன் என்பவர் தொடங்கி, 2009 ஆம் ஆண்டு லினக்ஸ் 2.6.29 பதிப்பில் இடம்பெற்ற பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை மேற்கூறிய எண்ணத்திற்குப் புறம்பானது. சூசே நிறுவனத்தின் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பிலும், ஃபெடோராவின் மேசைக் கணிப்பொறிப் பதிப்புகளில் 2020 ஆம் ஆண்டு முதலும் இதுவே இயல்பான கோப்பு முறைமையாக வைக்கப்பட்டமையால், வெளியூர்ப் பணியாளர் இதனை எதிர்ப்படும் வாய்ப்பு மிகுதி. 2024 ஆம் ஆண்டு தொடக்கத்தில் லினக்ஸ் 6.7 பதிப்பில் சேர்க்கப்பட்டுப் பின்னர் மூலநிரலினின்று நீக்கப்பட்ட பிகேஷ்எஃப்எஸ் என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் பழைய முறைகளான ரெய்டு, எல்.வி.எம். ஆகியவற்றில், வட்டுகளுக்கும் கோப்பு முறைமைக்கும் இடையே செயற்கையான ஒற்றைச் சாதனம் ஒன்று அமைகிறது. கோப்பு முறைமை அச்சாதனத்தை மட்டுமே அறியும். பி.டி.ஆர்.எஃப்.எஸ். முறையில் அத்தகைய இடைச்சாதனம் கிடையாது. கோப்பு முறைமையே உறுப்பு வட்டுகளை நேராக ஆள்கிறது. ஒவ்வோர் உறுப்பிலும் 64 கிலோபைட் தொலைவில் தலைமைப் பதிவு ஒன்று உள்ளது. அதில் மூன்று செய்திகள் முக்கியமானவை. முதலாவது, கோப்பு முறைமை முழுவதற்கும் பொதுவான யு.யு.ஐ.டி. எண், இஃது எல்லா உறுப்புகளிலும் ஒன்றே. இரண்டாவது, அவ்வுறுப்புக்கு மட்டும் உரிய தனி எண். இது வட்டுக்கு வட்டு வேறுபடும். மூன்றாவது, மொத்தத்தில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்னும் தொகை.

இதனை ரயில் வண்டியை உதாரணமாகக் கொண்டு விளக்கலாம். நடைமேடையில் முன்னிருந்து மூன்றாவது பெட்டி என்பது எஸ்.டி.சி. என்பது போன்றது, வண்டி திரும்பி வந்தால் அவ்விடம் மாறும். பெட்டியின் பக்கத்தில் வண்ணத்தால் எழுதப்பட்ட எண், உறுப்பின் தனி எண்ணைப் போன்றது. அது நிலையானது, ஆயினும் அப்பெட்டியையே கழற்றி வேறு பெட்டியைப் பூட்டலாம். வண்டியின் எண்ணோ கோப்பு முறைமையின் யு.யு.ஐ.டி. போன்றது, பெட்டிகள் மாறினும் வண்டி அதே வண்டி. பெட்டிகள் அனைத்தும் பூட்டப்பட்டனவா என்று பார்த்த பின்னரே வண்டி புறப்பட வேண்டும் என்பதும் இங்குப் பொருந்தும்.

பிழை நேரும் வழிகள்

ஒரு நிலையத்தின் கணிப்பொறியில் இரண்டு வட்டுகள் சேர்ந்து ஒரே பி.டி.ஆர்.எஃப்.எஸ். முறைமையாக அமைந்திருப்பதாகவும், நினைவக நகல் அம்முறைமையிலேயே எழுதப்பட வேண்டும் எனவும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வட்டு பொறியின் உள்ளேயும், மற்றது வேறோர் இயக்கி தேவைப்படும் தனி அட்டையிலும் பூட்டப்பட்டுள்ளது. இங்குப் பிழை நான்கு வழிகளில் நேரலாம்.

முதல் வழி, சாதன எண்ணைக் கொண்டு தேடுவது. சாதாரண முறைமையில் கோப்பு ஒன்று எந்தச் சாதனத்தில் உள்ளது எனக் கேட்டால், முதன்மை எண், துணை எண் என இரு எண்கள் கிடைக்கும். அவற்றைக்கொண்டு வட்டைக் கண்டுபிடிக்கலாம். பி.டி.ஆர்.எஃப்.எஸ். முறையில் முதன்மை எண் 0 எனக் கிடைக்கும். அது கெர்னல் தானே கற்பித்துக்கொண்ட எண்; அதற்கு ஈடான வட்டு எதுவும் இல்லை. இதனை நம்பித் தேடும் நிரல் வெறுங்கையுடன் திரும்பும்.

இரண்டாம் வழி, பொருத்துதல் அட்டவணையை அப்படியே நம்புவது. முறைமையில் எத்தனை உறுப்புகள் இருப்பினும் அவ்வட்டவணை ஓர் உறுப்பின் பெயரை மட்டுமே காட்டும். ஃபைண்ட்மவுண்ட் கட்டளை, அப்பெயரை அடுத்து உட்தொகுதியின் பெயரையும் சதுர அடைப்புக்குள் சேர்த்துத் தரக்கூடும். பிகேஷ்எஃப்எஸ் முறையிலோ எல்லா உறுப்புகளின் பெயர்களும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே தொடராக வரும். இத்தொடர்களை ஒரு வட்டின் பெயராகக் கொள்ளும் நிரல் இல்லாத சாதனத்தைத் தேடி அலையும். பெயர் சரியாகப் பிரிக்கப்பட்டாலும், காட்டப்பட்ட உறுப்புக்கு உரிய இயக்கி மட்டுமே தொகுப்பில் சேரும்; தனி அட்டையின் இயக்கி விடுபடும். இரண்டாவது கெர்னல் எழுந்தபின் ஒரு வட்டு கண்ணுக்குத் தெரியும், மற்றது தெரியாது. உறுப்பு குறைகிறது என்று கூறி முறைமை பொருந்த மறுத்துவிடும். நகல் எழுதப்படாமலே பொறி மீண்டும் தொடங்கிவிடும்.

மூன்றாம் வழி நுட்பமானது. பெயர் மாறும் என்பதை அறிந்த பணியாளர், வட்டின் வரிசை எண்ணையோ, வட்டுப் பகுதியின் அடையாள எண்ணையோ அமைப்பில் எழுதிவிடுகிறார். இவை நிலையான அடையாளங்களே. ஆனால் இவை சுட்டுவது பெட்டியை, வண்டியை அன்று. ஆறு திங்கள் கழித்து அவ்வட்டு பழுதாகி, வேறொரு வட்டைச் சேர்த்துப் பழையதை நீக்குகின்றனர். கோப்பு முறைமை சிறிதும் தடையின்றி இயங்குகிறது. கேடம்ப் அமைப்பு மட்டும் அகற்றப்பட்ட வட்டுக்காகக் காத்திருக்கும் நிலைக்கு ஆளாகிறது. இதை ஒருவரும் அறியார்.

நான்காம் வழி, யு.யு.ஐ.டி. எண்ணைச் சரியாகவே எழுதிவிட்டு, உறுப்புகள் வந்து சேரும் முன்பே அவசரப்படுவது. யூடெவ் என்னும் பகுதி ஒவ்வொரு யு.யு.ஐ.டி. எண்ணுக்கும் ஒரு சுட்டியை அமைக்கிறது. எண் பொதுவாதலின் எல்லா உறுப்புகளும் அச்சுட்டிக்கு உரிமை கோரும். அவற்றுள் ஒன்றே அதனைப் பெறும். முதல் உறுப்பு தோன்றியவுடனே சுட்டியும் தோன்றிவிடலாம். சுட்டி வந்துவிட்டது, ஆகவே முறைமை ஆயத்தம் என்று முடிவு செய்தல் தவறு. சுட்டியைப் பின்தொடர்ந்து சென்று கிடைத்த வட்டையே முழு முறைமை எனக் கொள்வதும் தவறு.

நம்பத்தக்க முறை

மேற்கூறியவற்றினின்று பெறப்படும் விதி எளியது: அடையாளம் காண வேண்டியது கோப்பு முறைமையை, ஆயத்தம் செய்ய வேண்டியது அதன் உறுப்புகள் அனைத்தையும்.

முதற்கண், நகல் எழுதப்படும் கோப்பகத்தைச் சுட்டி, ஃபைண்ட்மவுண்ட் கட்டளையால் முறைமையின் வகையையும் யு.யு.ஐ.டி. எண்ணையும் கேட்டறிதல் வேண்டும். சாதனத்தின் பெயரைக் கேட்டு அதிலிருந்து மற்றவற்றை ஊகித்தல் கூடாது. பி.எல்.கே.ஐ.டி. கட்டளை ஒவ்வொரு வட்டுக்கும் யு.யு.ஐ.டி., துணை யு.யு.ஐ.டி. என்னும் இரண்டையும் காட்டும். பல வட்டுகளில் ஒரே யு.யு.ஐ.டி. எண்ணும், வெவ்வேறு துணை எண்களும் காணப்படின் அவை ஒரே முறைமையின் உறுப்புகள் எனத் துணியலாம். அமைப்பில் எழுதத்தக்கது பொது எண்ணேயாகும்.

இரண்டாவதாக, உறுப்புகளின் முழுப் பட்டியலைப் பெறுதல் வேண்டும். பி.டி.ஆர்.எஃப்.எஸ். கருவியின் முறைமை காட்டும் கட்டளை இப்பட்டியலைத் தரும். கெர்னலும் தன் சிஸ் கோப்பு மரத்தில், முறைமையின் யு.யு.ஐ.டி. எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பகத்தினுள், உறுப்புகளைத் தனியே தொகுத்து வைத்துள்ளது. பட்டியலிலுள்ள ஒவ்வொரு வட்டுக்கும் உரிய இயக்கி தொடக்கக் கோப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, தொகுப்பில் பி.டி.ஆர்.எஃப்.எஸ். கருவியும் அதற்குரிய யூடெவ் விதிகளும் இருத்தல் அவசியம். அவ்விதிகள், ஒவ்வோர் உறுப்பு தோன்றும்போதும் அதைக் கெர்னலிடம் பதிவு செய்து, எல்லாம் வந்தனவா எனக் கேட்கின்றன. தலைமைப் பதிவிலுள்ள தொகையும் வந்து சேர்ந்த உறுப்புகளின் தொகையும் ஒத்தால்தான் ஆயத்தம் என்னும் விடை கிடைக்கும். அதன்பின்னரே பொருத்துதல் நடைபெற வேண்டும். நகல் கோப்பகம் ஓர் உட்தொகுதியில் இருந்தால் அவ்வுட்தொகுதியின் பெயரையும் பொருத்துதல் விருப்பங்களுள் சேர்க்க வேண்டும்.

உறுப்பு குறைந்தபோதும் பொருத்துக என்று ஆணையிடும் விருப்பம் ஒன்று பி.டி.ஆர்.எஃப்.எஸ். முறையில் உண்டு. இடர் தீர்ந்தது என எண்ணி அதனைக் கேடம்ப் அமைப்பில் நிலையாக எழுதி வைப்பது விவேகமன்று. சிறிது தாமதமாக வரும் வட்டைக்கூட இல்லாததாகக் கருதி, எஞ்சிய வட்டில் மட்டும் புதிய தகவல் எழுதப்பட்டுவிடும். பின்னர் இரு வட்டுகளையும் ஒப்புரவு செய்வது தனி வேலையாகும். நினைவக நகலைக் காக்கச் சென்று நிலையத்தின் பதிவேடுகளைச் சிக்கலுக்குள்ளாக்குதல் ஏற்புடையதன்று.

யு.யு.ஐ.டி. எண் ஒன்றுக்கொன்று மோதாது என்பது, வட்டினை அச்சாகப் படியெடுக்காத வரையில்தான் உண்மை. வட்டு முழுவதையும் பிட்டுக்குப் பிட்டாகப் படியெடுத்தால் எண்களும் சேர்ந்தே படியெடுக்கப்படும். மூலத்தையும் படியையும் ஒரே பொறியில் ஒருங்கே பூட்டினால் கெர்னல் எதனை உறுப்பாகக் கொள்ளும் என்பது உறுதியில்லை. தகவல் கெடவும் கூடும். அத்தகைய படியைத் தனியே எடுத்து வைத்தலே நன்று.

இவ்வளவு சிக்கல் வேண்டாம் என்று கருதுவோர்க்கு எளிய வழியும் உண்டு. தனி வட்டுப் பகுதி ஒன்றில் எக்ஸ்ட்4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் முறைமையை அமைத்து, நகல் எழுதுவதற்கென்றே அதனை ஒதுக்கிவிடலாம். அங்கு ஒரு முறைமை, ஒரு வட்டுப் பகுதி என்னும் பழைய எண்ணம் பொருந்துவதால் யு.யு.ஐ.டி. எண் ஒன்றே போதுமானது. வலையமைப்பு வழியாக வேறு பொறிக்கு நகலை அனுப்புதலும் கூடும்.

சோதித்துப் பார்த்தல்

மீட்புக் கெர்னல் ஏற்றப்பட்டுள்ளது என்பதைச் சிஸ் கோப்பு மரத்தில் உள்ள ஒரு குறி 1 எனக் காட்டும். பலர் இதனைக் கண்டு மனநிறைவு கொள்கின்றனர். ஏற்றப்பட்டது என்பதற்கே அது சான்று. நகல் எழுதப்படும் என்பதற்கு அன்று. உண்மையான சான்று ஒன்றே: பொறியை வேண்டுமென்றே நிலைகுலையச் செய்து பார்த்தல். சிஸ்ரெக் தூண்டு கோப்பில் சி என்னும் எழுத்தை எழுதினால் கெர்னல் உடனே நிலைகுலையும். பயனீட்டாளர் எவரும் இல்லாத வேளையில், பதிவேடுகளின் காப்புப்படி எடுத்து, எழுத வேண்டிய தகவல் அனைத்தும் வட்டுக்குச் சென்றபின் இச்சோதனையை நடத்துதல் வேண்டும்.

ஒரு முறை வெற்றி பெற்றால் போதாது. வட்டுகளின் இணைப்பை முனை மாற்றிப் பூட்டி மீண்டும் சோதித்தல் நலம். பெயரை நம்பிய அமைப்பு அப்போது தோற்றுவிடும். பொது எண்ணை நம்பிய அமைப்பு நிலைத்து நிற்கும். மேலும் உறுப்பு வட்டு ஒன்றைச் சேர்த்தாலும் நீக்கினாலும் மாற்றினாலும், தொடக்கக் கோப்புத் தொகுப்பைப் புதிதாகக் கட்டுவித்து மறுமுறை சோதித்தல் இன்றியமையாதது. வட்டு மாற்றும் பணிக்குரிய குறிப்பேட்டில் இதனையும் ஒரு படியாக எழுதி வைத்தல் நன்று.

வகுப்பில் விளக்கும் முறை

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குச் செய்முறையாகக் காட்டலாம். மெய்நிகர்ப் பொறி ஒன்றில் சிறிய வட்டுகள் இரண்டைப் பூட்டி, இரண்டையும் சேர்த்து ஒரே பி.டி.ஆர்.எஃப்.எஸ். முறைமையாக அமைக்க வேண்டும். பி.எல்.கே.ஐ.டி. கட்டளையின் விடையில் பொது எண் ஒன்றாகவும் துணை எண்கள் வேறாகவும் இருப்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். பின்னர் பொறியை அணைத்து, ஒரு வட்டைக் கழற்றி மீண்டும் இயக்கி, முறைமையைப் பொருத்த முயலச் செய்யலாம். எஞ்சிய வட்டில் யு.யு.ஐ.டி. எண் சரியாகவே இருந்தும் பொருத்துதல் தோல்வியுறுவதைக் கண்ணாரக் காணும் மாணவர், ஒரு பொருளின் அடையாளத்தை அறிதல் வேறு, அப்பொருள் முழுமையாக வந்து சேர்ந்ததா என அறிதல் வேறு என்பதை எளிதில் மறவார்.

நிலைகுலைவு என்பது அறிவித்துவிட்டு வருவதன்று. பல திங்களுக்கு ஒரு முறை மட்டுமே தோன்றும் பழுதாயின், அது விட்டுச்செல்லும் ஒரே தடயம் நினைவக நகல்தான். அதனை இழந்தால் அடுத்த நிலைகுலைவு வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கிடையே நிலையத்தின் பணி மேலும் ஒரு முறை தடைப்படும். இன்று அரைமணி நேரம் செலவிட்டு உறுப்புகளை எண்ணிச் சரிபார்த்து வைக்கும் பணியாளர், அந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பவராவார்.